பழைய ஜிப்ஸி: என்ஜினை விடுங்கள், சீலைப் பாருங்கள்

பதினைந்து இருபது வருடம் ஓடிய மாருதி ஜிப்ஸியை வாங்க வருபவர்கள் பானெட்டைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, சைலன்சரில் புகை வருகிறதா என்று பார்த்துவிட்டு நேராகப் பேரத்துக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் அந்த வண்டியில் கடைசியாகக் கவலைப்பட வேண்டியது என்ஜின்தான். மாருதி எஸ்டீம் காரில் ஓடிய அதே ஜி13 என்ஜின் குடும்பம். பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் எந்த ஊரிலும் இருப்பார். ஜிப்ஸி நடுவழியில் நிற்பதற்குக் காரணங்கள் வேறு: காய்ந்துபோன ரப்பர் ஹோஸ், கிழிந்த ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), கிரீஸையே பார்க்காத புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் (சுழலும் தண்டின் சிலுவை மூட்டு), பச்சை பூத்த எர்த் வயர். சுருக்கமாகச் சொன்னால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்விடுகின்றன, எண்ணெய் வெளியே வந்துவிடுகிறது. பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் பராமரிப்பில் முக்கால்வாசி இந்த இரண்டையும் தடுப்பதுதான்.

முதலில் கையில் இருப்பது எந்த ஜிப்ஸி என்று தெரிய வேண்டும். 1985இல் வந்தது 970 சிசி என்ஜின் கொண்ட எம்ஜி410. 1993இல் இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் கூடியது. 1996இல் வந்த ஜிப்ஸி கிங்கில் 1,298 சிசி, கார்புரேட்டருடன் 60 குதிரைத்திறன். 2000இல் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வந்து 16 வால்வு, 80 குதிரைத்திறன் ஆனது. இன்று சந்தையில் ஓடும் நிலையில் கிடைப்பவை பெரும்பாலும் கிங்தான். இனி சொல்வதெல்லாம் அதற்குத்தான் அதிகம் பொருந்தும். வெளிநாடுகளில் சமுராய், எஸ்ஜே413 என்ற பெயர்களில் ஓடியது இதன் நெருங்கிய உறவு. ஆக்சில் (சக்கர அச்சு), நக்கிள் (முன் சக்கரத்தைத் திருப்பும் மூட்டு), டிரான்ஸ்ஃபர் கேஸ் (என்ஜின் சக்தியை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. அதனால் சமுராயின் பட்டறைக் கையேடு கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்கும்போது: கண்ணைவிட ஸ்குரூடிரைவர் நல்லது

என்ஜின் மாற்றலாம், கியர்பாக்ஸ் மாற்றலாம், துருப்பிடித்த சேசிஸை மாற்றுவது வீண் வேலை. வண்டிக்கு அடியில் படுத்து, கனமான ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் சேசிஸ் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். பின் ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் ஹேங்கர், பாடி மவுண்ட் உட்காரும் இடங்கள், சீட்டுக்கு அடியில் இருக்கும் தரைத்தகடு, கதவின் அடிவிளிம்பு, முன் கண்ணாடிச் சட்டம் ஆகியவைதான் முதலில் போகும். அடிப்பகுதி முழுக்கப் புதிதாகக் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தால் அது பராமரிப்பின் அடையாளம் அல்ல, சந்தேகத்தின் அடையாளம். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனம். சேசிஸ் நம்பர் பொறித்த இடம் அரித்திருந்தால், 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது ஆர்டிஓ அலுவலகத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் புதுப்பித்தல் 5 வருடத்துக்குத்தான் என்பதையும் வாங்கும் விலையில் கணக்கில் வையுங்கள்.

எல்லா எண்ணெயும் புதிது

பழைய உரிமையாளர் என்ன சொன்னாலும் சரி, வண்டி வந்த முதல் வாரத்தில் எல்லா எண்ணெய்களையும் மாற்றிவிடுங்கள். பழைய எண்ணெயை வெள்ளைத் தட்டில் பிடித்துப் பாருங்கள். வண்டியின் ஜாதகம் அதில்தான் இருக்கிறது. பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். நகத்தில் உரசும் அளவுக்குத் துண்டுகள் வந்தால் அந்தப் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும்.

ஒரு விதி: எப்போதும் மேலே இருக்கும் ஃபில்லர் பிளக்கை முதலில் கழற்றுங்கள். கீழ் பிளக்கைத் திறந்து எண்ணெயை வடித்துவிட்ட பிறகு, மேல் பிளக் துருவில் இறுகிக் கழலவே இல்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும்.

அளவுகள்: கியர்பாக்ஸ் சுமார் 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸ் 0.8 லிட்டர், முன் டிஃபரன்ஷியல் (ஆக்சிலிலுள்ள பல்சக்கரப் பெட்டி) 2 லிட்டர், பின் டிஃபரன்ஷியல் 1.5 லிட்டர். வண்டி சமதரையில் நிற்க, ஃபில்லர் துளையின் கீழ்விளிம்பில் எண்ணெய் வழியத் தொடங்கினால் போதும். கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 தடிப்பில் ஜிஎல்-4 தர எண்ணெய் வாங்குங்கள். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5. கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்று ஒரே டப்பாவை நீட்டுவார். ஒன்றல்ல. டிஃபரன்ஷியலின் ஹைப்பாய்டு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதால் அவற்றுக்கு ஜிஎல்-5இன் கந்தகச் சேர்க்கை தேவை. அதே சேர்க்கை கியர்பாக்ஸின் பித்தளை சிங்க்ரோ வளையங்களை (கியர் உரசாமல் விழ உதவுபவை) நாளடைவில் அரிக்கக்கூடியது. மூன்றாவது கியரில் கரகரப்பு வந்தபிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

முன் நக்கிள்: ஜிப்ஸியின் கண்ணீர்

முன் சக்கரத்துக்குப் பின்னால் உருண்டையாக, கிரிக்கெட் பந்தைவிடப் பெரிதாக ஒன்று இருக்கும். அதன்மேல் கறுப்பாக எண்ணெயும் கிரீஸும் கலந்து வழிந்திருப்பதைக் காணாத ஜிப்ஸி உரிமையாளர் இல்லை. “நக்கிள் சீல் போச்சு” என்று வெளி சீலை மட்டும் மாற்றுவார்கள். சில மாதங்களில் மறுபடி வழியும். ஏனென்றால் வெளி சீலின் வேலை கிரீஸைப் பிடித்துவைப்பதும் தூசியைத் தடுப்பதும்தான். எண்ணெயைத் தடுக்க வேண்டியது ஆக்சில் குழாயின் முனையில், உள்ளே இருக்கும் ஆயில் சீல். அது போனால் டிஃபரன்ஷியல் எண்ணெய் உருண்டைக்குள் வந்து, கிரீஸைக் கரைத்து, இரண்டும் சேர்ந்து வெளியே வரும். ஒரு பக்கம் டிஃபரன்ஷியல் எண்ணெய் இல்லாமல் காய்கிறது. மறுபக்கம் சிவி ஜாயின்டும் (திரும்பும் சக்கரத்துக்குச் சுழற்சி தரும் மூட்டு) கிங்பின் பேரிங்கும் (நக்கிள் திரும்பும் அச்சின் பேரிங்) கிரீஸ் இல்லாமல் காய்கின்றன.

உள் சீல் ஏன் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் பிரீதர்தான் காரணம். ஆக்சில் உறையின் மேல் உள்ள சிறிய மூச்சுக்குழல் மூடிதான் அது. ஓட்டும்போது ஆக்சில் சூடாகி உள்ளே காற்று விரிகிறது. பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால் அந்த அழுத்தம் சீல் வழியாகத்தான் வெளியேறும். சூடான ஆக்சிலோடு ஓடையில் இறங்கினால் எதிர்மாறாக நடக்கும்: உள்ளே காற்று சட்டென்று சுருங்கி, கிடைத்த இடுக்கு வழியாகத் தண்ணீரை இழுக்கும். அதனால் சீல் மாற்றும் நாளிலேயே பிரீதரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, அளவான ஹோஸ் ஒன்றை மாட்டி, அதன் நுனியைப் பானெட்டுக்குள் உயரமான இடத்தில் கட்டிவிடுங்கள். பின் ஆக்சிலுக்கும் அப்படியே. செலவு இருநூறு ரூபாய்கூட வராது. இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய வேலைகளிலேயே லாபகரமானது இதுதான் என்பேன்.

நக்கிள் வேலையைச் செய்யும்போது அரைகுறையாகச் செய்யாதீர்கள். சக்கரம், காலிப்பர் (பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி), ஹப், ஸ்பின்டில், ஷாஃப்ட் என்று எல்லாம் வெளியே வந்துவிட்டது. மேலும் கீழும் உள்ள கிங்பின் பேரிங்குகளையும் சேர்த்தே மாற்றுங்கள். மேல் கிங்பின்னையும் கீழ் கிங்பின்னையும் அவற்றின் ஷிம்களோடு (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) தனித்தனியே குறித்து வையுங்கள், மாற்றிப் போடக்கூடாது. பேரிங் மாட்டியபின், வெளி சீலும் டை ராடும் (இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டீயரிங் கம்பி) மாட்டுவதற்கு முன், டை ராட் துளையில் ஸ்பிரிங் தராசு கொக்கியை மாட்டி இழுத்துப் பாருங்கள். 1 முதல் 1.8 கிலோவுக்குள் நக்கிள் நகரத் தொடங்க வேண்டும். லேசாக நகர்ந்தால் ஷிம்மைக் குறைக்க வேண்டும், கனமாக இருந்தால் கூட்ட வேண்டும். காய்கறிக்கடைத் தராசே போதும். ஆனால் இதைச் செய்யும் பட்டறையைப் பார்ப்பது அரிது, கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு “சரியா இருக்கு” என்பார்கள். உருண்டையின் மேற்பரப்பில் துருக்குழி இருந்தால் நைசான எமரி தாளால் வழவழப்பாக்குங்கள். இல்லையென்றால் புது சீலின் உதட்டை அதே குழி கிழித்துவிடும். ஷாஃப்ட்டை உள்ளே நுழைக்கும்போதும் அப்படித்தான், அதன் பற்கள் உள் சீலில் உரசாமல் நேராகத் தாங்கிப்பிடித்து நுழைக்க வேண்டும். புது சீல் முதல் நாளே ஒழுகுவது பெரும்பாலும் இந்த இடத்தில் ஏற்பட்ட கீறலால்தான்.

ஸ்டீயரிங் ஆட்டம்

மணிக்கு 60 கிலோமீட்டரைத் தொடும்போது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வது போல ஆடும். பலர் உடனே ஸ்டீயரிங் டேம்பர் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வாங்கி மாட்டுகிறார்கள். ஆட்டம் குறையும், காரணம் அப்படியே இருக்கும். வேறு சிலர் ஸ்டீயரிங் பாக்ஸின் மேலுள்ள அட்ஜஸ்ட்மென்ட் ஸ்குரூவை இறுக்குகிறார்கள். பாக்ஸ் தேய்வது நடுவில், நேராக ஓட்டும் நிலையில். அங்கே பிளே (தளர்வு) போகும்வரை இறுக்கினால், தேயாத ஓரங்களில் பற்கள் இறுகிவிடும். கொண்டை ஊசி வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. வால்பாறை ஏறும் பாதையில் அந்த வண்டியை ஓட்ட எனக்கு மனமில்லை.

சோதிக்கும் வரிசை இதுதான். முதலில் நான்கு டயர்களையும் பேலன்ஸ் செய்யுங்கள். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் கிங்பின் பேரிங். பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கும் நக்கிளும் ஒன்றாகிவிடுவதால் அவற்றுக்கு இடையே உள்ள பேரிங்கின் பிளே தெரியாது. எந்தக் கருவியும் இல்லாத சோதனை இது. அடுத்து சக்கரங்களைத் தரையில் வைத்து, ஒருவர் ஸ்டீயரிங்கை இடம் வலமாகச் சிறிதாக அசைக்க, நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு பால் ஜாயின்டிலும் கையை வைத்து உணருங்கள். கடைசியில் ஸ்டீயரிங் பாக்ஸ் சேசிஸில் உட்காரும் போல்ட்டுகள், ஸ்பிரிங் பட்டை புஷ்கள்.

வீல் பேரிங்கின் லாக் நட்டை உளியும் சுத்தியலும் வைத்து அடித்துக் கழற்றுவது நம் பட்டறைகளின் மரபு. அதற்கென்று உள்ள சாக்கெட்டை வாங்கி வண்டியிலேயே போட்டு வையுங்கள். உளியால் அடித்து எந்தப் பேரிங்கையும் சரியான இறுக்கத்தில் வைக்க முடியாது.

ஸ்பிரிங் புஷ் மாற்றினால் ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) போல்ட்டுகளை வண்டி தரையில், தன் எடையில் நிற்கும்போது மட்டுமே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழியும். ஆக்சிலைப் பட்டைகளோடு கட்டும் யூ போல்ட்டுகளை 500 கிலோமீட்டர் கழித்து மறுபடி இறுக்க வேண்டும். அவை தளர்ந்தால் பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சிலே இடம் நகரும்.

நான்கு சக்கர இழுவை

ஜிப்ஸியில் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தனித்தனிப் பெட்டிகள். நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என மொத்தம் மூன்று ஷாஃப்ட்டுகள். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு முறையும் கிராஸ்களுக்கு கிரீஸ் அடிக்க வேண்டும். நிப்பிளில் அடிக்கும்போது நான்கு கப்களிலிருந்தும் பழைய கிரீஸ் பிதுங்கி வர வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்தக் கப்தான் அடுத்து போகப்போவது. கப்பைச் சுற்றிச் செங்கல்பொடி போலத் துரு தெரிந்தால் ஏற்கெனவே போய்விட்டது. டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் மூன்று ரப்பர் மவுண்ட்டுகளையும் கம்பியால் நெம்பிப் பாருங்கள். கிழிந்த மவுண்ட்டால் வரும் அதிர்வை “ஷாஃப்ட் பேலன்ஸ் போச்சு” என்று சொல்லி வீண் செலவு வைப்பார்கள்.

முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் சென்டர் டிஃபரன்ஷியல் ஜிப்ஸியில் கிடையாது. தார்ச்சாலையில் 4எச் (நான்கு சக்கர இழுவை) போட்டு வளைவில் திரும்பினால், முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்கும். டயர் வழுக்க வழியில்லாததால் அந்த வித்தியாசம் ஷாஃப்ட்டுகளில் முறுக்காகச் சேரும். லீவர் 2எச்சுக்கு (பின் சக்கர இழுவை மட்டும்) வர மறுப்பது இதனால்தான். இழுத்து உடைக்காமல், சில அடிகள் நேராக ரிவர்ஸ் எடுத்தால் தானே விடுபடும். தேய்ந்த டயர் இரண்டு, புது டயர் இரண்டு என்று போட்டாலும் இதே முறுக்கு நேர்ச்சாலையிலேயே சேரும். 4எல் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் நிலை) போடுவது எப்போதும் வண்டியை நிறுத்திவிட்டுத்தான்.

முன் ஹப்களை (சக்கரத்தை முன் ஷாஃப்ட்டோடு பூட்டும் பாகங்கள்) இரண்டு பக்கமும் லாக் செய்து, லீவரை 2எச்சிலேயே வைத்து, மாதம் ஒருமுறை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். சும்மா கிடக்கும் முன் டிஃபரன்ஷியலில் எண்ணெய் சுழன்று மேல் பற்களும் சீலும் நனையும். பிறகு மண் தரையில் 4எச் போட்டு, முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். டிக் டிக் என்று கேட்டால் சிவி ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. 205/70 ஆர்15க்கு மேல் பெரிய டயர் போட ஆசைப்படுபவர்கள் கவனிக்க: இந்த ஜாயின்ட்தான் முதலில் உடையும்.

சூடும் பெல்ட்டும்

அலுமினிய பிளாக், அலுமினிய ஹெட். ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே ஹெட் வளைந்துவிடும். “நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம்” என்று கழற்றி எறிந்த வண்டிகள் ஏராளம், புதிதாக வாங்கி மாட்டிவிடுங்கள். அது இல்லாமல் என்ஜின் தன் சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேயும். கொதிக்கும் வண்டிக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் ரேடியேட்டர் இடுக்குகளில் காய்ந்த சேறு. அதை என்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் சேறு இன்னும் உள்ளே போகும். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், அதிலுள்ள உப்பு உள்ளே படியும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. மேலே கண்ணுக்குத் தெரியும் இரண்டு பெரிய ஹோஸ்களை எல்லாரும் மாற்றுவார்கள். பின்பக்கம் ஹீட்டருக்குப் போகும் சின்ன ஹோஸ்களை மறந்துவிடுவார்கள், அவைதான் வெடிக்கும்.

டைமிங் பெல்ட்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் என்பது புது வண்டிக் கணக்கு. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லையென்றால் இப்போதே மாற்றுங்கள், பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. டென்ஷனர், வாட்டர் பம்ப், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாம் அதோடு போகட்டும், திறக்கும் கூலி ஒன்றுதான். மாட்டும்போது கிராங்க் போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கியே ஆக வேண்டும். அது சற்றே தளர்ந்தாலும் கிராங்க் நுனியில் உள்ள சாவிப்பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து டைமிங் விலகும். கடைசியில் கிராங்கே வீணாகும். இந்தக் குடும்ப என்ஜின்களின் பழைய வியாதி இது.

வால்வு டேப்பட் சத்தம் போட்டால் பயப்படுகிறார்கள். இடைவெளி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். இடைவெளியே இல்லாமல் இறுகிய வால்வு சத்தமே போடாமல் கருகிப்போகும்.

பெட்ரோல், கரண்ட்

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸ்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உப்பி, மென்மையாகி, உள்சுவர் உரிந்து கார்புரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் வரும் நுண்துளை) அடைக்கும். டேங்கிலிருந்து என்ஜின்வரை உள்ள எல்லா ரப்பர் துண்டுகளையும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸால் மாற்றுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பாதி டேங்க் பெட்ரோல் வைத்தால் தகரம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஒன்று முழு டேங்க் வையுங்கள், அல்லது பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓட்டுங்கள். எம்பிஎஃப்ஐ வண்டி ஐடிலில் தடுமாறினால் சென்சார் வாங்க ஓடுவதற்கு முன் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து, என்ஜின் எர்த் வயரின் இரு முனைகளையும் கழற்றி, எமரி போட்டு, வாசலின் தடவி மாட்டிப் பாருங்கள். பாதி வண்டிகள் அத்தோடு சரியாகிவிடும்.

ஹெட்லைட் கரண்ட் முழுக்க ஸ்டீயரிங் அடியிலுள்ள ஸ்விட்ச் வழியாகவே போகிறது. அதிக வாட் பல்ப் போட்டால் ஸ்விட்ச் உருகும். முதலில் இரண்டு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரடி வயர் இழுங்கள். அதற்குப் பிறகுதான் பல்ப்.

வண்டியில் போட வேண்டியவை

கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் தலா ஒன்று. ஜிப்ஸியில் கிளட்ச் கேபிளால்தான் இயங்குகிறது, அறுந்தால் மலையில் வேறு வழியில்லை. ஃபேன் பெல்ட், ஒரு கிராஸ், அதற்கான சர்க்கிளிப், ரேடியேட்டர் ஹோஸ், கிளாம்ப், ஃபியூஸ், இரண்டு ரிலே, ஹப் போல்ட்டுகள், அரை லிட்டர் பிரேக் ஆயில், இரண்டு லிட்டர் கூலன்ட், கார்புரேட்டர் வண்டி என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பும் ரோட்டரும். சென்னையில் ஜி.பி. ரோட்டில் புது உதிரிகள் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய ஆக்சிலும் பெட்டியும் தேடலாம். ஆனால் சீல், பேரிங், பெல்ட், பிரேக் பாகம் எதையும் பழையதாக வாங்காதீர்கள். சீல் வாங்கும்போது பழைய சீலின்மேல் அச்சிட்ட உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். “ஜிப்ஸி சீல்” என்று மட்டும் கேட்டால் கையில் கிடைத்ததைத் தருவார்கள்.